ஏலத்தில் ஒரு முகம்

கோயில் திருவிழாவின் இறுதியில் நடைபெறும் ஏலத்தைக் கண்டிராத மலையகத்தவர் மிகச் சிலரே. அம்மனுக்குச் சாத்திய சேலையும், படைத்த மாம்பழமும், பந்தலில் கட்டிய வாழைக்குலையும் ஒவ்வொன்றாக ஏலத்துக்கு வரும். ஏலம் கூறுபவர் பொருளை உயர்த்திப் பிடிப்பார், விலை ஏறும். ஏறிய விலை ஓரிடத்தில் நின்றதும், "ஒரு தரம்... இரண்டு தரம்..." என்று நிறுத்திக் கூட்டத்தைச் சுற்றிலும் ஒருமுறை பார்ப்பார். அந்தப் பார்வையில் ஒரு நீதி உண்டு. இன்னும் கேட்க விரும்புவோர் கேட்டுக்கொள்ளலாம் என்பதே அதன் பொருள். அதன் பின்னரே "மூன்று தரம்" என்ற சொல் எழும். பொருள் கண்ணெதிரே இருக்கும். போட்டியிடுபவர் இன்னார் என்பது தெரியும். தோற்றவரும் வென்றவரோடு பேசிக்கொண்டே வீடு திரும்புவார்.

மாத்தளை மாவட்டத்துப் பலாபத்வல என்னும் ஊரை அடுத்த தோட்டமொன்றில் பிறந்து, இன்று கலைப்பீடத்தில் பயின்றுவரும் இளைஞன் ஒருவன், ஏலம் என்றால் இதுவே என எண்ணியிருந்தான். இணையத்தில் நடைபெறும் ஏலம் முற்றிலும் வேறானது என்பதை ஓராண்டுத் தேடலின் பின்னரே அவன் உணர்ந்தான்.

அத்தேடல் அவனுடைய அம்மாயி கூறிய ஒரு செய்தியிலிருந்து தொடங்கிற்று. எண்பது வயதைக் கடந்த அம்மாயி, தமது ஒன்பதாம் வயதிலே தாயை இழந்தவர். தாயின் குரல் நினைவிருக்கிறது; முகம் மறந்துவிட்டது. வீட்டில் அவருடைய படம் ஒன்றேனும் இல்லை. ஆயினும் உலகில் எங்கோ ஒரு படம் இருக்கக்கூடும் என்ற நம்பிக்கை அம்மாயிக்கு உண்டு. "மொளகு பறிச்சுக்கிட்டு நின்னப்ப ஒரு வெள்ளக்காரன் பெட்டிய ஊனி வச்சுப் படம் புடிச்சானாம் தம்பி. அத அட்டையில அடிச்சுக் கொழும்புல வித்தாங்களாம். கங்காணி பாத்துட்டு வந்து சொன்னாராம். எங்கம்மா மட்டும் அதக் கண்ணால பாக்கவே இல்ல" என்று அவர் கூறினார். அடையாளம் ஒன்றும் சொன்னார்: தாயின் இடது முன்கையில் தேள் வடிவில் பச்சை குத்தியிருந்ததாம்.

இது வெறும் கற்பனையென ஒதுக்கத்தக்க செய்தியன்று. பத்தொன்பதாம் நூற்றாண்டின் பிற்பகுதியிலிருந்து கொழும்பிலும் கண்டியிலும் இயங்கிய புகைப்பட நிலையங்கள், இலங்கையின் காட்சிகளையும் மக்களையும் படம்பிடித்து விற்றன. ஸ்கீன், பிளாட்டே ஆகிய நிறுவனங்களின் பெயர் தாங்கிய படங்களும் அட்டைகளும் கப்பலேறிச் சென்று, ஐரோப்பிய வீடுகளின் படத்தொகுப்புகளில் அடங்கின. தோட்டத்துப் பெண்களின் படங்கள் அவற்றுள் பல. இன்று அவ்வீடுகளின் பரண்கள் காலியாகும்போது, பழைய அட்டைகள் இணைய ஏலச் சந்தைகளுக்கு வருகின்றன.

இச்சந்தைகளின் வரலாறு நீண்டதன்று. 1995 செப்டெம்பரில் பியர் ஒமிட்யார் என்பவர் கலிபோர்னியாவில் தொடங்கிய ஏலத் தளமே 1997 இல் 'ஈபே' என்னும் பெயரைப் பெற்றது. அதில் முதன்முதலாக விற்பனையான பொருள் பழுதடைந்த லேசர் சுட்டுகோல் ஒன்று, விலை 14.83 டொலர். பழுதானதற்கும் எங்கேனும் ஒருவர் விலை கொடுப்பார் என்பதே இவ்வணிகத்தின் அடிப்படை. ஒருவருக்குக் குப்பையாய்த் தோன்றுவது மற்றொருவருக்குச் செல்வம் என்றால், ஒரு குடும்பத்தின் தொலைந்த முகமும் அங்கே கிடைக்கலாமன்றோ? அவ்வாறான சந்தையொன்றில் அவ்விளைஞன் தேடப் புகுந்தான்.

முதலில் ஊரின் பெயரை ஆங்கில எழுத்தில் இட்டான். ஒன்றும் கிடைக்கவில்லை. எழுத்தை ஒன்று கூட்டியும் ஒன்று குறைத்தும் நான்கு விதமாக இட்டான். வேறொரு சொல்லைத்தான் கருதினீரோ என இயந்திரம் வினவியது. மாத்தளை என்று தேடியபோது முத்திரைகளும் புகையிரதப் படங்களும் வந்தன. 'சிலோன்' என்று இட்டபோது தேயிலைத் தகரங்களும், கறுவாப்பட்டையும், நீலக்கற்களும் பல்லாயிரமாய் வந்து குவிந்தன. நாட்டின் பெயர் 1972 இல் மாறியது; ஆயினும் பழம்பொருள் வணிகர் பழைய பெயரையே பேணுகின்றனர். 'தமிழ்' என்று தேடியபோது திரைப்பட இசைத்தட்டுகள் வந்தன. மிளகு பறிக்கும் பெண் மட்டும் வரவில்லை.

பல வாரங்களின் பின்னரே அவனுக்கு உண்மை புலப்பட்டது. அச்சந்தையில் பொருளைத் தேடுபவன், தான் அறிந்த பெயரால் தேட முடியாது. விற்பவர் இட்ட பெயரால்தான் தேட வேண்டும். விற்பவரோ அட்டையின் அடியில் அச்சிட்டிருப்பதையே பெயராக இடுகிறார். அங்கே அச்சிடப்பட்டிருந்தது 'தமிழ்க் கூலி' என்ற ஆங்கிலத் தொடர். தமிழிலே கூலி என்பது உழைப்புக்குரிய ஊதியம். ஆங்கிலத்திலே அது உழைப்பவரின் மேல் ஒட்டப்பட்ட பெயராயிற்று. தன் பூட்டியைக் காண வேண்டுமாயின், அவரை இழிவுபடுத்திய சொல்லைத் தன் விரலாலேயே தட்ட வேண்டிய நிலை அவனுக்கு நேர்ந்தது. அவன் நெடுநேரம் தயங்கினான், பின்னர்த் தட்டினான். திரை முழுவதும் முகங்கள் நிறைந்தன.

கூடையோடு நின்ற பெண்கள், மூக்குத்தி அணிந்த பெண்கள், குழந்தையை இடுப்பில் ஏந்திய பெண்கள், எவருக்கும் பெயரில்லை. இங்கிலாந்தின் புகழ்பெற்ற புகைப்படக் கலைஞரான ஜூலியா மார்கரெட் கமரன் 1875 இல் இலங்கைக்கு வந்து, 1879 இல் இங்கேயே காலமானார். இங்கிலாந்தில் அவர் எடுத்த படங்களில் அமர்ந்தோர் பலரின் பெயர்களை உலகம் அறியும். இலங்கையில் அவர் எடுத்த தோட்டத் தொழிலாளர் படங்களிலோ பெரும்பாலும் பெயர்கள் இல்லை. கலைஞரின் கண் கூர்மையானதே. ஆயினும் பெயரைக் கேட்க வேண்டும் என்ற எண்ணம் அக்காலத்துக்கு எழவில்லை. கொழும்பில் 1883 இல் தொடங்கிய தேயிலை ஏலத்திலும் இந்த முரண் தெளிவாகத் தெரியும். ஏலத்துக்கு வரும் தேயிலைக்குத் தோட்டத்தின் பெயர் உண்டு; தரத்தின் பெயர் உண்டு; வாங்குமுன் சுவைத்துப் பார்க்க மாதிரியும் உண்டு. கொழுந்து பறித்த கைக்குத்தான் பெயரில்லை.

இறுதியில், மிளகுக் கொடியருகே ஒரு பெண் நிற்கும் அட்டையொன்று ஏலத்துக்கு வந்தது. விற்பவர் இங்கிலாந்தில் இருந்தார். ஆரம்ப விலை 4.99 பவுண். படத்தைப் பிறர் களவாடாதிருக்க விற்பவர் தமது அடையாளத்தைக் குறுக்கே பதித்திருந்தார். அது சரியாக அப்பெண்ணின் இடது கையை மறைத்திருந்தது. தேள் இருந்ததா, இல்லையா என்பது தெரியவில்லை. தெளிவான படம் ஒன்றை அனுப்ப இயலுமா என அவன் எழுதிக் கேட்டான். உள்ளவாறே விற்கப்படுகிறது என்ற ஒரு வரி மறுமொழியாக வந்தது. இலங்கைக்கு அனுப்புவதில்லை என்று முதலில் மறுத்தவர், பின்னர் இசைந்தார். ஆனால் அஞ்சற் செலவு ஆரம்ப விலையைப் போல் மூன்று மடங்காயிருந்தது.

அவனிடம் கடன் அட்டை இல்லை. கொழும்பில் தொழில்புரியும் பெரியம்மாவின் மகன் தம் அட்டையைத் தர இசைந்து, "எவ்வளவு தூரம் போகலாம்னு மொதல்ல முடிவு பண்ணிக்க தம்பி" என்றார். 2022 ஆம் ஆண்டின் பொருளாதார நெருக்கடியில் ரூபா வீழ்ந்ததன் பின்னர், அந்நிய நாணயத்தில் ஒவ்வோர் எண்ணும் கனத்துவிட்டது. இருபது பவுண் என்பது ஏறத்தாழ எட்டாயிரம் ரூபா. 2021 இல் தோட்டத் தொழிலாளருக்கு நிர்ணயிக்கப்பட்ட ஆயிரம் ரூபா நாட்சம்பளக் கணக்கில் அது எட்டு நாள் உழைப்பு. அந்த இருபதையே அவன் தன் எல்லையாக வகுத்துக்கொண்டான்.

இவ்வேலத்தின் இயக்கம் நுட்பமானது. ஒருவர் தாம் கொடுக்கக்கூடிய உச்ச விலையை மறைவாக இட்டுவைத்தால், எதிராளியின் விலையினும் ஒரு படி மட்டும் மேலாக இயந்திரமே அவருக்காகக் கேட்டுச் செல்லும். எனவே வென்றவர் செலுத்துவது, தோற்றவரின் உச்ச விலைக்குச் சற்று மேற்பட்டதே. வில்லியம் விக்ரி என்னும் பொருளியலறிஞர் 1961 இல் ஆராய்ந்த ஏலமுறைக்கு இது நெருக்கமானது. அவர் 1996 இல் நோபெல் பரிசு பெற்றார். ஏட்டளவில் இது நேர்மையான முறைதான். ஆனால் ஏலம் குறித்த நொடியில் முடிந்துவிடும் என்ற விதி அதனோடு சேர்ந்தவுடன், கடைசி நொடி வரை பதுங்கியிருந்து பாய்வது பலருக்கு வழக்கமாயிற்று. அல்வின் ரோத், அக்செல் ஒக்கன்பெல்ஸ் என்னும் இருவர் 2002 இல் வெளியிட்ட ஆய்வு இதனை விளக்குகிறது. இறுதி நிமிடங்களில் எவரேனும் விலை கேட்டால் ஏலத்தை மேலும் பத்து நிமிடம் நீட்டிய அமேசனின் அன்றைய ஏலத்தளத்தில் இப்பதுங்கல் குறைவாயிருந்ததையும், நேரம் நீளாத ஈபேயில் அது மிகுந்திருந்ததையும் அவர்கள் கண்டனர். அந்தப் பத்து நிமிடம் வேறொன்றுமன்று. கோயில் முற்றத்தில் ஏலம் கூறுபவர் கூட்டத்தைச் சுற்றிப் பார்க்கும் அந்தப் பார்வையே.

இங்கிலாந்தின் ஞாயிறு இரவு ஒன்பது மணி, மாரிகாலத்தில் பலாபத்வலையின் திங்கள் அதிகாலை இரண்டரை மணி. விடுமுறைக்கு வீடு வந்திருந்த அவன், லயத்தின் வாசற்படியில் சமிக்ஞை கிடைக்கும் மூலையில் அமர்ந்திருந்தான். அம்மாயியும் உறங்கவில்லை. ஒரு நிமிடம் இருக்கையில் விலை ஒன்பது பவுண். அவனே முன்னணியில் இருந்தான். ஐந்து நொடி இருக்கையிலும் அவ்வாறே. அடுத்து அவன் கண்டது, ஏலம் முடிவுற்றது என்ற அறிவிப்பையே. விலை 21 பவுண். ஒரு தரமும் இல்லை. இரண்டு தரமும் இல்லை.

ஒரு பவுணால் இழந்தோமே என்று அவன் துடித்தான். உண்மையில் அந்த ஒரு பவுணும் ஒரு தோற்றமே. வென்றவர் மறைவாக இட்டிருந்தது ஐம்பதா, நூறா என்பதை ஏலம் எவருக்கும் சொல்வதில்லை. வென்றவர் யார், எந்நாட்டவர் என்பதும் தெரியாது. அவர் தீயவரல்லர்; பழைய அட்டைகளில் விருப்புள்ள ஒருவராயிருக்கலாம். தம் தொகுப்பில் ஓர் இடைவெளியை அவர் நிரப்பியிருப்பார். பலாபத்வலையில் ஒரு மூதாட்டி அக்கையைப் பார்க்கக் காத்திருந்தார் என்பதை அவர் அறிந்திருக்க வழியில்லை. விலையைத் துல்லியமாகக் கண்டறியும் சந்தை, வேண்டுவோரின் காரணத்தை ஒருபோதும் கேட்பதில்லை.

கைபேசியில் எஞ்சியிருந்த படத்தை அம்மாயி வாங்கிப் பார்த்தார். கண்ணருகே கொண்டுசென்றார், தள்ளியும் பிடித்தார். "எங்கம்மாவா இருக்கலாம், இல்லாமயும் போகலாம். யாரு பெத்த புள்ளையோ, இதுக்கும் ஒரு பேரு இருந்திருக்கும்ல? அத எழுதாம உட்டுட்டானுங்களே" என்றார்.

பெயர் எழுதப்படாமை இம்மக்களுக்குச் சிறு குறையன்று. கோப்பிக் காலத்தில் தென்னிந்தியாவிலிருந்து மன்னார்க் கரையில் இறங்கிக் காட்டுவழியே மாத்தளைக்கு நடந்து வந்தோருள், வழியிலே நோயால் மடிந்தோர் பெயரற்றவராயினர். 1948 ஆம் ஆண்டின் 18 ஆம் இலக்கப் பிரசாவுரிமைச் சட்டம், தந்தையும் பாட்டனும் பிறந்த இடத்துக்குச் சான்று கேட்டபோது, பலரிடம் காட்டுவதற்கு ஏதும் இருக்கவில்லை. அந்த இழப்பின் பெரும்பகுதி சீராகி முடிய 2003 ஆம் ஆண்டுச் சட்டம் வரை காத்திருக்க வேண்டியதாயிற்று.

பலாபத்வலையிலிருந்து மாத்தளைக்குச் செல்லும் வழியிலேயே அலுவிகாரை இருக்கிறது. வாய்மொழியாய் வழங்கிவந்த பௌத்த மறைகள் கி.மு. முதலாம் நூற்றாண்டில் ஏட்டில் எழுதப்பட்டது அங்கேதான். சொல்லி வந்தவர் மறைந்தால் சொல்லும் மறையும் என்ற அச்சமே அவற்றை எழுதவைத்தது. பேருந்தில் அவ்விடத்தைப் பலமுறை கடந்தும் சிந்தியாத அவ்விளைஞன், ஏலம் முடிந்த வாரத்தில் மாத்தளைக்குச் சென்று, கொப்பியொன்று வாங்கி வந்தான்.

இப்போது விடுமுறைதோறும் அவன் லயங்களில் வீடு வீடாகச் செல்கிறான். சுவரில் தொங்கும் திருமணப் படங்களையும், அடையாள அட்டைக்கு எடுத்த சிறு படங்களையும் இறக்கி, இன்னார், இன்னாரின் மகள், இன்ன வேலை செய்தவர் என முதியோர் சொல்லச் சொல்லப் பின்புறத்தில் எழுதிவைத்துக் கொப்பியிலும் பதிகிறான். பல படங்களில் பாதிப் பேரையே அடையாளம் காண முடிகிறது. சொல்லக்கூடியவர்கள் ஆண்டுதோறும் குறைகின்றனர். ஏலச் சந்தையின் அறிவிப்புகள் இன்னும் காலைதோறும் வருகின்றன. அவன் அவற்றைத் திறந்து பார்க்கத் தவறுவதில்லை. கொப்பியின் முதற் பக்கத்தில் ஒரு படம் ஒட்டுவதற்கான இடம் வெறுமையாக இருக்கிறது. அதன் கீழே அம்மாயியின் தாயின் பெயரை அவன் எழுதியிருக்கிறான்.