இரண்டாம் பக்கத்துக்காரர்

என் அலமாரியில் இருக்கும் ஜாஸ் ரெக்கார்டுகளில் நானே தேடிப் பிடித்தவை சொற்பம். மிச்சமெல்லாம் யாரோ ஒருவர் “இதைக் கேட்டிருக்கிறீர்களா?” என்று கேட்டு ஆரம்பித்துவைத்தவை. அதனால் ஒவ்வொரு தட்டிலும் வாசித்தவரோடு சேர்ந்து கொடுத்தவரும் குடியிருக்கிறார். லீ மார்கன் ட்ரம்பெட்டை எடுத்தாலே யோகோஹாமாவில் என்னோடு வேலை பார்த்து ஓய்வுபெற்ற ஒரு ஜப்பானியப் பெரியவரின் இருமல் காதில் விழும். டிரம்ஸில் ஆர்ட் பிளேக்கி உருட்டத் தொடங்கினால், அதே அலுவலகத்தில் இருந்த கும்பகோணத்து நண்பன் தொடையில் தாளம் போடுவது தெரியும்.

பெரியவர்தான் எங்களை நோகே பகுதியில் இருந்த ‘சிகுசா’வுக்கு அழைத்துப்போனார். ஜாஸ் கேட்பதற்கென்றே நடந்த காபிக் கடை அது. ஜப்பானில் இப்படிப்பட்ட கடைகளை ஜாஸ் கிஸ்ஸா என்பார்கள். சிகுசா, யோஷிதா மமோரு என்பவர் 1933-இல் தொடங்கியது. 1945 குண்டுவீச்சில் கடையோடு ரெக்கார்டுகளும் எரிந்துபோயின. அமெரிக்கச் சிப்பாய்களுக்காக அச்சிட்ட வி-டிஸ்க்குகளும் மற்றவையுமாகச் சேர்த்து மறுபடி நடத்தினார். தோஷிகோ அகியோஷி, சதாவோ வாதனாபே போன்றவர்கள் இளவயதில் இங்கே வந்து உட்கார்ந்து பாடம் கேட்டிருக்கிறார்கள். பாடம் என்றால் வாத்தியார் கிடையாது, ஸ்பீக்கர்தான். வெளிநாட்டு எல்.பி. ஒன்று வாங்கச் சாமானியன் சம்பளத்தில் பெரும்பங்கு போய்விடும் காலத்தில், ஒரு காபிக் காசுக்கு ஊரே சேர்ந்து கேட்டது.

2007-இல் மூடி, ரசிகர்கள் கூடி 2012-இல் திரும்பத் திறந்தபிறகுதான் நான் அதைப் பார்த்தேன். அப்போது அங்கே வேண்டிய ரெக்கார்டைச் சொல்லலாம். ஆனால் ஒரு ஆளுக்கு ஒரு பக்கம்தான். ஓடும் தட்டின் அட்டையை எல்லோருக்கும் தெரியும்படி எதிரே நிறுத்திவைப்பார்கள். பழைய கிஸ்ஸாக்களில் பேசவே கூடாதாம். சபாவில் போண்டா விமர்சனத்தோடு கச்சேரி கேட்டு வளர்ந்தவனுக்கு இதெல்லாம் புதுசு.

பெரியவர் எப்போதும் இரண்டாம் பக்கத்தையே கேட்பார். வாலிபத்தில் எல்லோரும் முதல் பக்கத்தையே கேட்டுக் கேட்டு அதைத் தேய்த்துவிட்டார்களாம். இரண்டாம் பக்கம் கீறலில்லாமல் பளிச்சென்று இருக்குமாம். மார்கனின் ‘த சைட்வைண்டர்’ ரெக்கார்டில் பெயர் பெற்ற பாட்டு முதல் பக்கத்தில் இருக்கிறது. அவரோ திருப்பிப் போட்டு, கடைசியில் வரும் ‘ஹோகஸ் போகஸ்’ வரை அசையாமல் உட்கார்ந்திருப்பார். ஜோ ஹெண்டர்சன் சாக்ஸஃபோனை எடுக்கும் இடத்தில் மட்டும் ஒரு விரல் உயரும். அவ்வளவுதான் சிபாரிசு. அந்த விரல் இல்லாவிட்டால் ஹெண்டர்சனிடம் நான் போய்ச் சேர இன்னும் பல வருஷம் ஆகியிருக்கும்.

அவர் வீட்டில் கூடும்போது விளையாட்டே வேறு. அட்டையை ஒளித்துவைத்துக்கொண்டு “யார்?” என்பார். லெனர்ட் ஃபெதர் என்ற விமர்சகர் 1940-களிலேயே பத்திரிகையில் இதை நடத்திவந்தார். வாசிப்பதைக் கேட்டே வெள்ளையரா கறுப்பரா என்று சொல்லிவிடுவேன் என்று ட்ரம்பெட் மேதை ராய் எல்ட்ரிட்ஜ் 1951-இல் அவரிடம் சவால் விட்டு, கோட்டைவிட்டார். எல்ட்ரிட்ஜுக்கே அப்படியென்றால் எங்கள் மார்க்கைக் கேட்கவேண்டாம்.

நண்பன் சிறுவயதில் மிருதங்கம் கற்றவன். சுருதி கொஞ்சம் பிசகினாலும் பல்லைக் கடிப்பான். ஒருநாள் மைல்ஸ் டேவிஸின் ‘கைண்ட் ஆஃப் ப்ளூ’ பழைய எல்.பி.யைப் போட்டபோது சுருதிப் பெட்டியை எடுத்துவந்தான். ‘ஸோ வாட்’டுக்கு இரண்டு கட்டை வைத்தான். சேரவில்லை. தட்டு கொஞ்சம் மேலே நின்றது. திருப்பிப் போட்டு ‘ஆல் ப்ளூஸ்’ஸுக்கு ஐந்து கட்டை வைத்தான். கச்சிதமாக உட்கார்ந்தது.

காரணம் இருக்கிறது. முதல் பக்கத்துப் பாட்டுகளை 1959 மார்ச் 2 அன்று பதிந்தபோது நியூயார்க்கில் கொலம்பியாவின் டேப் மெஷின் சற்று மெதுவாக ஓடிவிட்டது. அந்த நாடாவைச் சரியான வேகத்தில் ஓட்டித் தட்டு போட்டதால் சுருதி ஏறிவிட்டது. இரண்டாம் பக்கம் ஏப்ரல் 22-இல் பதிந்தது, அதில் கோளாறு இல்லை. 1992-இல்தான், கூடவே ஓடிய இன்னொரு மெஷினின் நாடாவை எடுத்துச் சரிசெய்தார்கள். ஆக, இரண்டாம் பக்கத்துக்காரர் தம்மையறியாமல் சரியான சுருதியில் கேட்டுவந்திருக்கிறார். இதைச் சொன்னதும் பெரியவருக்குச் சந்தோஷம் வரவில்லை. “திருத்தியது தூக்கக் கலக்கத்தில் வாசிப்பது போல இருக்கிறது” என்றார். காது ஒருமுறை பழகிய பிறகு அதனிடம் நியாயம் பேச முடியாது. நானும் வீட்டில் பழைய தட்டைத்தான் போடுகிறேன்.

கேட்கிற வழக்கத்திலேயே உச்சம் டீன் பெனடெட்டி. தானும் சாக்ஸஃபோன்காரர். 1947-48-இல் சார்லி பார்க்கர் வாசித்த கிளப்புகளுக்குப் பதிவுக் கருவியைச் சுமந்துகொண்டு போனார். பார்க்கர் வாத்தியத்தை வாயிலிருந்து எடுத்தால் இவர் கருவியை நிறுத்திவிடுவார். மொசைக் நிறுவனம் 1990-இல் அந்தப் பதிவுகளை வெளியிட்டது. கேட்டால் பெரும்பாலும் துண்டு துண்டாகப் பார்க்கர் மட்டும்தான். “பக்கவாத்தியத்தை வெட்டிவிட்டு அதென்னடா கச்சேரி!” என்று நண்பன் எரிந்து விழுந்தான். பெரியவர் பதில் பேசாமல் போய் வேறொரு ரெக்கார்டை எடுத்துவந்தார். 1954-இல் யோகோஹாமாவின் மொகாம்போ கிளப்பில் நடந்த விடியவிடிய வாசிப்பு. ஒலிப்பதிவில் பித்துப்பிடித்த ஓர் இளைஞர் பதிந்தது. அங்கே வாசித்த ஷோடாரோ மொரியாசு என்ற பியானோக்காரர் அடுத்த ஆண்டே இறந்துபோனார். பட் பவல் வாசித்ததை ரெக்கார்டிலிருந்து காதாலேயே எழுதியெடுத்தவர் அவர். அந்த இளைஞர் மட்டும் கருவியோடு போகாதிருந்தால் மொரியாசு வெறும் பெயராகத்தான் மிஞ்சியிருப்பார். பித்தர்களைத் திட்டுவதற்கு முன் நான் இப்போதெல்லாம் யோசிக்கிறேன்.

நண்பனுக்கும் ஒரு பொக்கிஷம் இருந்தது. 1958-இல் டேவ் ப்ரூபெக் அமெரிக்க அரசின் ஏற்பாட்டில் சுற்றுப்பயணம் வந்தபோது, சென்னையில் பழனி சுப்பிரமணிய பிள்ளையோடு சேர்ந்து வாசித்தார். இடதுகைக்காரரான பிள்ளைவாளின் மிருதங்கமும் ப்ரூபெக்கின் பியானோவும். அதன் பதிவை ஒலிக்கவிட்டுவிட்டு, ப்ரூபெக்கின் ‘டைம் அவுட்’ ரெக்கார்டில் வரும் விசித்திரத் தாளங்களெல்லாம் மயிலாப்பூர் பக்கத்துச் சரக்கு என்று அடித்துச் சொன்னான். பெரியவர் விடவில்லை. அதில் வரும் ‘ப்ளூ ரோண்டோ’வின் ஒன்பது எண்ணிக்கைத் தாளம் துருக்கித் தெருவில் கேட்டது, ப்ரூபெக்கே சொல்லியிருக்கிறார் என்றார். பெரியவர் பக்கம்தான் ஆதாரம். ஆனால் நண்பனுக்கு அன்றைக்கு ஆதாரம் தேவைப்படவில்லை.

சண்டையைத் தீர்க்க முதல் பக்கத்தைப் போட்டாகவேண்டும். ‘ப்ளூ ரோண்டோ’ அங்கேதான் முதல் பாட்டு. பெரியவர் முணுமுணுத்துக்கொண்டே ஊசியை வைத்தார். நண்பன் “தக தக தக தகிட” என்று சொல்லிக் கைதட்டினான், மூன்று முறை. நான்காவதில் “தகிட தகிட தகிட” என்று மாறும். பெரியவர் முதல் சுற்றில் தவறவிட்டார், இரண்டாவதிலும் தவறவிட்டார். மூன்றாவது சுற்றில் மாறும் இடத்தைச் சரியாகப் பிடித்து, “ஊசியை எடுக்காதீர்கள், மறுபடி முதலிலிருந்து!” என்று கத்தினார். எடுக்காமல் எப்படி முதலிலிருந்து போடுவது என்று கேட்க எங்களுக்கு வாய் வரவில்லை.