மூக்குக்கு எட்டாதவை

சென்னை பட்டினப்பாக்கம், 2019 டிசம்பர். கரை முழுக்க நுரை. ஒரு பையன் அள்ளித் தாடி வைத்துக்கொண்டான். அவன் அம்மா போட்டோ எடுத்தாள். கொஞ்ச நேரத்தில் தாடி காய்ந்து தாடையில் வெள்ளைக் கோடு. நக்கிப் பார்த்தான்.

சோப்பும் சாக்கடையும். மழை ஆற்றை அலசிக் கடலில் விட்டிருந்தது.

குனிந்து கேட்டேன். நுரை உடையும்போது மெல்லிய பொரிகிற சத்தம். ஒவ்வொரு குமிழியும் கண்ணுக்குத் தெரியாத துளிகளை மேலே எறிந்துவிட்டுத்தான் சாகிறது.

நார்வே கரையில் 2018 முதல் 2020 வரை ஆய்வாளர்கள் காற்றை வடிகட்டினார்கள். இப்படித் துளிகளில் வரும் கடலுப்பு காற்றில் ஏறியபோது சில பிஃபாஸ் ரசாயனங்களும் கூடவே ஏறின. ஒட்டாத தோசைக்கல் பூச்சின் உறவுக்காரர்கள். கடலில் போனது கடலோடு போயிற்று என்றிருந்தோம்.

சென்னைக் காற்றுத் தூசி, 2007. ஜப்பான்காரர்களும் சேர்ந்து பிரித்துப் பார்த்தது. அளந்த கரிமப் பொருள்களில் பகலில் முதலிடம் தாலேட்டுக்கு. இரவில் கொழுப்பு அமிலங்களுக்கு.

இரவில் கொழுப்பு. தாளிப்பா?

தாலேட் பிளாஸ்டிக்கை வளைய வைப்பது. ஆனால் அதோடு பிணைந்து கிடப்பதில்லை, திண்ணையில் உட்கார்ந்த விருந்தாளி மாதிரி. வெயில் ஏறினால் எழுந்து போய்விடும்.

பழைய ரெக்சின் சீட் ஏன் வெடிக்கிறது என்று இப்போது புரிகிறது.

காயலான் கடைக்குப் பின்னால் ஒயர் எரிக்கிறார்கள். அந்தப் புகையில் வரும் டயாக்சின் நஞ்சுக்குக் குளோரின் வேண்டும். மேல்தோல் பிவிசியில் இருக்கிறது. சேர்த்து வைக்கச் செம்பு வேண்டும், அதுவும் உள்ளேயே.

சுவாலை பச்சை. அழகாகத்தான் இருக்கிறது.

பிஸ்பீனால் ஏ. 1930-களில் லண்டனில் டாட்ஸ் என்பவர் இது பெண் ஹார்மோன் வேலையைச் செய்யுமா என்று எலிக்குக் கொடுத்துப் பார்த்தார். செய்தது, கொஞ்சம். அதைவிட வலுவானது கிடைத்ததும் இதை விட்டார். அப்புறம் பிளாஸ்டிக்காரர்கள் எடுத்துக்கொண்டார்கள்.

குப்பையோடு பிளாஸ்டிக் எரிகிற ஊர்களில் காற்றிலும் இந்தப் பிஸ்பீனால் உண்டு.

பர்ஸில் ஒரு கடை ரசீது. சூட்டில் எழுத்து வரும் தாள். இந்தத் தாளில் பெரும்பாலும் பிஸ்பீனால்தான். எழுத்து வெளுத்துவிட்டது. எதற்கு வைத்திருக்கிறேன்?

நம் நாட்டுக் காற்றுத் தரப் பட்டியல், 2009. 12 பொருள்கள். விரலால் தொட்டுத் தொட்டுப் படித்தேன். தாலேட் இல்லை. பிஸ்பீனால் இல்லை.

மே மாதம். மதியம் ஒரு மணி வாக்கில் கடற்காற்று உள்ளே வரும். அம்மா எல்லா ஜன்னலையும் திறந்து வைத்துவிட்டுக் கூடத்தில் பாய் விரித்துப் படுப்பாள்.

இன்று காற்று இன்னும் வரவில்லை.