வேலூர் சாலையில் இடப்பக்கம் திரும்பினால்

இதய ஆபரேஷனுக்காக வங்கதேசத்திலிருந்து வேலூருக்கு வருகிற குடும்பங்களில் பலர் கொல்கத்தாவில் ரயிலேறிக் காட்பாடியில் இறங்குகிறார்கள். கொஞ்சம் கையில் காசுள்ளவர்கள் விமானத்தில் சென்னைக்கு வந்து மீனம்பாக்கத்திலேயே வாடகைக் கார் பிடித்துவிடுகிறார்கள். பூந்தமல்லி தாண்டியதும் அவர்கள் ஜன்னல் வழியே பார்ப்பதற்கும் அவர்கள் வந்த காரியத்துக்கும் மேலோட்டமாக ஒரு சம்பந்தமும் தெரியாது. செம்பரம்பாக்கம் ஏரிக்கரையும் தண்டலத்தில் சவீதா மருத்துவக் கல்லூரியின் கட்டடங்களும் போனபின், இருங்காட்டுக்கோட்டையில் 1998 முதல் கார் செய்துவரும் ஹூண்டாய் ஆலை வருகிறது. புதுக் கார்களை இரண்டடுக்காக ஏற்றிய டிரெய்லர்கள், ஷிஃப்ட் முடிந்து திரும்பும் கம்பெனி பஸ்கள், கொரிய எழுத்தில் உணவகப் பலகைகள், பிறகு ஸ்ரீபெரும்புதூர். கார் நிற்காமல் சுங்குவார்சத்திரம், வாலாஜா வழியே வேலூருக்குப் போய்விடும். அங்கே சிஎம்சி மருத்துவமனையைச் சுற்றிய தெருக்களில் வங்காள மொழிப் பலகை வைத்த லாட்ஜும் மீன்குழம்புச் சோறும் அவர்களுக்காகவே காத்திருக்கின்றன. ஆனால் அந்தக் குடும்பம் கட்டப்போகும் பில்லில் இனிமேல் குறையக்கூடிய தொகை எங்கே இருக்கிறது என்று கேட்டால், ஸ்ரீபெரும்புதூரில் இடப்பக்கம் பிரிந்து வல்லம் வழியாக ஒரகடம் போகும் சாலையைத்தான் காட்ட வேண்டும். இந்தியாவின் மலிவான இதய சிகிச்சை இதுவரை மருத்துவமனைகளின் சாதனையாக இருந்தது. அடுத்த கட்டம் தொழிற்சாலைகளின் கையில் இருக்கிறது. இதுவே என் வாதம்.

இதுவரை வந்த தூரம் சின்னதல்ல. வேலூரில் ரீவ் பெட்ஸ் என்ற அமெரிக்க மருத்துவர் 1949இல் நெஞ்சறுவைத் துறையைத் தொடங்கினார். 1975இல் பெரம்பூர் ரயில்வே மருத்துவமனையில் கே.எம்.செரியன் நாட்டின் முதல் பைபாஸ் அறுவையைச் செய்தார். 1983இல் சென்னை கிரீம்ஸ் சாலையில் அப்போலோ மருத்துவமனை திறந்தது. இதே நெடுஞ்சாலையின் மறுமுனையில், 2001இல் பெங்களூரின் பொம்மசந்திரா தொழிற்பேட்டையை ஒட்டி இதய அறுவை மருத்துவர் தேவி ஷெட்டி நாராயண ஹிருதயாலயா மருத்துவமனையைத் தொடங்கினார். 2003இல் லாகூர்–டெல்லி பஸ்ஸில் வந்த ஒரு பாகிஸ்தான் குழந்தைக்கு அங்கே நடந்த அறுவை இரு நாட்டுப் பத்திரிகைகளிலும் முதல்பக்கச் செய்தியாயிற்று. அடுத்த ஆண்டு இன்சூரன்ஸ் இல்லாத ஓர் அமெரிக்கத் தச்சர், தன் ஊரில் 2 லட்சம் டாலர் வரை ஆகும் என்று சொல்லப்பட்ட மைட்ரல் வால்வு அறுவையை, விமானக் கட்டணம் உட்பட ஏறத்தாழ 10,000 டாலரில் டெல்லியில் செய்துகொண்டு திரும்பினார். 2006இல் அமெரிக்க செனட்டின் குழு ஒன்று மருத்துவப் பயணத்தைப் பற்றி விசாரித்தபோது அவருடைய கதையும் அங்கே ஒலித்தது. இருபதில் ஒரு பங்கு விலை என்பது தள்ளுபடியில் வருவதல்ல. அதற்குப் பின்னால் வேறு பொருளாதாரம் இருக்க வேண்டும்.

அந்தப் பொருளாதாரத்துக்கு இரண்டு கால்கள். ஒன்று எண்ணிக்கை, மற்றொன்று சம்பளம். ஒரே தியேட்டரில், ஒரே குழுவை வைத்து, நாளெல்லாம் அறுவைகள் நடந்தால் கட்டடத்தின் கடனும் இயந்திரத்தின் விலையும் பல நோயாளிகளிடையே பங்காகிவிடும். இதனால்தான் 2009இல் வால் ஸ்ட்ரீட் ஜர்னல் ஷெட்டியை இதய அறுவையின் ஹென்றி ஃபோர்டு என்று அழைத்தது. இங்கே உடனே எழும் ஆட்சேபம் நியாயமானது: நோயாளி என்ன அசெம்பிளி லைனில் நகரும் காரா? எண்ணிக்கை கூடினால் கவனம் குறையாதா? ஆதாரம் வேறு பக்கம் பேசுகிறது. அமெரிக்க மருத்துவமனைகளை ஆராய்ந்து 1979இல் வெளியான ஒரு புகழ்பெற்ற ஆய்வு, திறந்த இதய அறுவையை ஆண்டுக்கு 200க்கு மேல் செய்யும் இடங்களில் இறப்பு விகிதம் குறைவு என்று காட்டியது. திரும்பத் திரும்பச் செய்வதால் கைக்குப் பழக்கமும், அபாயம் வருமுன் அதை அடையாளம் காணும் கண்ணும் வருகின்றன. நோயாளியோடு உட்கார்ந்து பேசும் நேரம் குறைகிறது என்ற குறை உண்மைதான். அதற்கு மருந்து, பேசுவதற்கென்று கூடுதல் ஆளை நியமிப்பது, அறுவைகளைக் குறைப்பதல்ல.

சம்பளம் என்ற இரண்டாவது காலில்தான் சிக்கல். மருத்துவமனையில் நர்ஸும் டெக்னீஷியனும், ஆலையில் ஒப்பந்தத் தொழிலாளியும் வாங்கும் குறைந்த கூலியின் மேல்தான் இந்த நெடுஞ்சாலையின் இரண்டு தொழில்களும் நிற்கின்றன. 2021 டிசம்பரில் விடுதிச் சாப்பாட்டால் சக தொழிலாளர்கள் நோயுற்றபோது, ஃபாக்ஸ்கான் ஆலையின் பெண்கள் இதே சாலையை மறித்து உட்கார்ந்தார்கள். 2024இல் சாம்சங் தொழிலாளர்கள் ஒரு மாதத்துக்கும் மேல் வேலைநிறுத்தம் செய்தார்கள். கூலியை இன்னும் அமுக்கி விலையைக் குறைக்கலாம் என்று நினைப்பவர்களுக்கு இந்தச் சாலையே பதில் சொல்லிவிட்டது. எண்ணிக்கையிலும் பெரிய மருத்துவமனைகள் எட்ட வேண்டிய அளவைப் பெரும்பாலும் எட்டிவிட்டன. மீதமிருப்பது நோயாளியின் உடம்புக்குள் போகும், அல்லது ஒருமுறை தொட்டுவிட்டுக் குப்பைக்குப் போகும் பொருட்களின் விலை. கூலியும் கட்டடமும் இங்கே மலிவு. வெளிநாட்டு வால்வோ அந்த அளவுக்கு மலிவாவதில்லை. எனவே அமெரிக்க பில்லில் ஒரு மூலையில் கிடக்கும் வால்வு, இந்திய பில்லில் நடுவீட்டில் உட்கார்ந்துகொள்கிறது. இந்தியா பயன்படுத்தும் மருத்துவக் கருவிகளில் 70 சதவீதத்துக்கு மேல் இறக்குமதி என்பதையும் இதோடு சேர்த்துப் பார்த்தால், மலிவு எங்கே முட்டி நிற்கிறது என்று தெரியும்.

இதய அறுவை நடக்கும் தியேட்டரில் அந்தப் பொருட்களைக் கிட்டத்தில் பார்ப்பது நல்லது. இதயத்தை நிறுத்தி வைத்திருக்கும் நேரத்தில் ரத்தம் பிளாஸ்டிக் குழாய்கள் வழியாக ஆக்சிஜனேட்டருக்குள் போகிறது. அது தலைமுடி போன்ற ஆயிரக்கணக்கான உள்ளீடற்ற இழைகளைக் கட்டாக அடுக்கிய ஒரு தெளிந்த பெட்டி. நுரையீரலின் வேலையைச் சில மணி நேரம் செய்துவிட்டு அன்றே குப்பைக்குப் போகும். கேனுலா, வடிகட்டி, தையல் நூல் எல்லாமே அப்படித்தான். வால்வு மட்டும் ஆயுள் முழுக்க இருக்க வேண்டும். திருவனந்தபுரம் ஸ்ரீ சித்திரைத் திருநாள் நிலையத்தில் இதய அறுவை மருத்துவர் எம்.எஸ்.வலியத்தானின் குழு உருவாக்கிய சித்ரா வால்வு, கோபால்ட்–குரோமியம் உலோகக் கலவையில் கடைந்த ஒரு வளையம். அதற்குள் சாய்ந்து திறந்து மூடும் ஒரு பாலிஎத்திலீன் வட்டு. சுற்றிலும் இதயத்தோடு சேர்த்துத் தைப்பதற்குப் பாலியெஸ்டர் துணி. முதல் மூன்று வடிவங்கள் சோதனையில் தோற்று, நான்காவதுதான் தேறியது. 1990 டிசம்பரில் முதல் நோயாளிக்குப் பொருத்தப்பட்டது. சென்னையின் டிடிகே குழுமம் அதைத் தயாரித்து, வெளிநாட்டு வால்வின் விலையில் ஒரு பகுதிக்கே விற்றது. இன்று அது 1 லட்சத்துக்கும் மேற்பட்டவர்களின் நெஞ்சில் பொருத்தப்பட்டிருக்கிறது. உலகத் தர விதிப்படி இத்தகைய உலோக வால்வை 40 கோடி முறை திறந்து மூடிச் சோதிக்க வேண்டும். அது ஏறத்தாழ பத்து ஆண்டு இதயத் துடிப்பு. துல்லியக் கடைசல், பிளாஸ்டிக் வார்ப்பு, சலிக்காமல் நடக்கும் ஆயுள் சோதனை: இவை மூன்றும் ஒரகடத்துக்குப் புதிய வேலைகள் அல்ல.

வல்லம்–வடகால் சிப்காட் தொழிற்பேட்டையைத் தாண்டிப் போனால், வண்டலூர்–வாலாஜாபாத் சாலை வந்து வெட்டும் இடம் ஒரகடம். ரெனோ–நிசான் கார், டைம்லரின் பாரத்பென்ஸ் லாரி, ராயல் என்ஃபீல்டு மோட்டார் சைக்கிள், அப்போலோ டயர் என்று உருளுகிற எல்லாமே இந்தச் சுற்றுவட்டத்தில் பிறக்கின்றன. வண்டிகளை மோதவிட்டுச் சோதிக்கும் மத்திய அரசின் ஆராய்ச்சி மையமும் இங்கேதான். ஏரிக்கரைகளுக்கும் ஆலைச் சுவர்களுக்கும் நடுவே இந்திப் பலகை தொங்கும் சாப்பாட்டுக் கடைகள், ஒடிசாவிலிருந்தும் பீகாரிலிருந்தும் வந்தவர்கள் தங்கும் வரிசை அறைகள். இந்த ஊரின் சிப்காட்டில்தான் 350 ஏக்கரில் மருத்துவக் கருவிப் பூங்கா அமைகிறது. மத்திய அரசின் திட்டத்தில் இமாச்சலப் பிரதேசம், மத்தியப் பிரதேசம், உத்தரப் பிரதேசம் ஆகியவற்றோடு தமிழ்நாட்டுக்குக் கிடைத்த பூங்கா இது. பொதுச் சோதனைக்கூடம், கிருமி நீக்கும் வசதி போன்றவற்றைச் சிறு நிறுவனங்கள் தனித்தனியே கட்டிக்கொள்ள வேண்டியதில்லை என்பதே இதன் மையக் கருத்து. இதற்கு முன்னோடியும் பக்கத்திலேயே உண்டு: இருங்காட்டுக்கோட்டையில் டிரிவிட்ரான் நிறுவனம் ஜப்பானின் அலோகாவோடு கூட்டுச் சேர்ந்து அல்ட்ராசவுண்டு கருவிகளைத் தயாரித்தது.

இந்த இடத்தில் வலுவான ஆட்சேபம், இதே மண்ணின் அனுபவத்திலிருந்து வருகிறது. 2006இல் ஸ்ரீபெரும்புதூரில் தொடங்கிய நோக்கியா ஆலை உலகின் பெரிய கைப்பேசி ஆலைகளில் ஒன்றாக வளர்ந்தது. வரித் தகராறும் கம்பெனி கைமாறியதும் சேர்ந்து 2014 நவம்பரில் அதைப் பூட்டவைத்தன. சலுகை தந்து கூப்பிட்டால் சலுகை தீரும்வரைதான் இருப்பார்கள், கருவிப் பூங்காவிலும் பாகங்களை இறக்குமதி செய்து திருகாணி முடுக்கி ‘இந்தியத் தயாரிப்பு’ என்று ஒட்டுவார்கள் என்ற பயம் வீணல்ல. ஆனால் அதே சாலையில் ஹூண்டாய் சொல்லும் பாடம் வேறு. அது வந்தபோது உதிரிபாகக் கம்பெனிகளும் பின்னாலேயே வந்து பக்கத்தில் கடை விரித்தன. அந்த வலைதான் ஆலையைக் கால் நூற்றாண்டாக ஊன்றி நிறுத்தியிருக்கிறது. நோக்கியா வளாகமும் பின்னர் சால்காம்ப் கைக்குப் போய் சார்ஜர் தயாரிக்கிறது என்றால், அங்கே மிஞ்சியிருந்த திறமை வீணாகவில்லை என்று பொருள். மருத்துவக் கருவிக்கு இந்த வலையில் இன்னொரு கண்ணி வேண்டும்: அதைப் பயன்படுத்தும் டாக்டர். சித்ரா வால்வு பிறந்ததற்குக் காரணம், அறுவை செய்பவரும் உலோகத்தைக் கடைபவரும் ஒரே நிறுவனத்தில் இருந்ததுதான். ஒரகடத்திலிருந்து தண்டலம் சவீதாவும் போரூர் ராமச்சந்திராவும் முகப்பேர் இதய மருத்துவமனைகளும் சென்னை ஐஐடியும் ஒரு பகலில் போய்வரும் தூரம். இந்த நெருக்கத்தைப் பூங்காவின் விதிகளிலேயே எழுதாவிட்டால், 350 ஏக்கரும் நல்ல சாலை போட்ட கிடங்காக மட்டுமே மிஞ்சும்.

விலையைக் குறைக்க ஆலை எதற்கு, அரசு ஓர் உத்தரவு போட்டால் போதாதா என்று கேட்பவர்களுக்கு 2017 ஒரு நல்ல பாடம். அந்த ஆண்டு பிப்ரவரியில், 1 லட்ச ரூபாய்க்கும் மேல் விற்றுவந்த மருந்து பூசிய ஸ்டென்டுக்கு 29,600 ரூபாய் என்று உச்சவரம்பு வைக்கப்பட்டது. நோயாளிகளுக்கு அது பெரிய விடுதலை. ஆனால் சில பன்னாட்டு நிறுவனங்கள் தங்கள் உயர்ரக ஸ்டென்டுகளை இந்தியச் சந்தையிலிருந்து திரும்பப் பெற அனுமதி கேட்டன. அந்த மிரட்டல் பெரிதாகப் பலிக்காமல் போனதற்கு ஒரு முக்கியக் காரணம், சூரத்திலும் வாபியிலும் ஸ்டென்ட் செய்யும் இந்திய நிறுவனங்கள் ஏற்கெனவே இருந்தது. விலைக் கட்டுப்பாட்டுக்குப் பல் முளைக்க வேண்டுமானால், உள்ளூரில் உற்பத்தி இருக்க வேண்டும். உள்ளூர்ப் பொருள் தரம் குறைந்தது என்ற சந்தேகத்தையும் பேச்சால் தீர்க்க முடியாது. பொருத்திய ஒவ்வொரு வால்வையும் ஸ்டென்டையும் பதிவேட்டில் ஏற்றி, ஐந்து ஆண்டு, பத்து ஆண்டு கழித்து நோயாளி எப்படி இருக்கிறார் என்பதை வெளியிட்டால் தீரும். கார் கம்பெனி ஒரு பழுதான பிரேக்கைத் தேடி வண்டிகளைத் திரும்ப அழைக்க முடிகிறதென்றால், நெஞ்சுக்குள் இருக்கும் பொருளுக்கு அந்த அக்கறை இன்னும் கூடுதலாக இருக்க வேண்டும்.

கடைசி ஆட்சேபம் நியாய உணர்விலிருந்து வருவது: வெளிநாட்டு நோயாளிக்காக இத்தனை ஏற்பாடா, ஒரகடத்தில் வேலை செய்பவனுக்கு நெஞ்சு வலித்தால் என்ன கதி? மாதம் 21,000 ரூபாய்க்குள் சம்பளம் வாங்குபவருக்கு இஎஸ்ஐ உண்டு; அதற்கு வெளியே இருக்கும் குறைந்த வருமானக் குடும்பங்களுக்கு 2009இல் தொடங்கிய கலைஞர் காப்பீட்டுத் திட்டத்தின் வழிவந்த முதலமைச்சர் காப்பீடு. இந்தத் திட்டங்கள் ஒவ்வோர் அறுவைக்கும் ஒரு தொகையை நிர்ணயித்துத் தருகின்றன. அந்தத் தொகையில் பெரும்பங்கை வால்வு விழுங்கிவிட்டால் மருத்துவமனை அந்த நோயாளியை ஏற்கத் தயங்கும். ஆக, உள்ளூர் வால்வால் முதலில் பிழைப்பவர் காப்பீட்டு அட்டையோடு வருகிற தொழிலாளிதான்; டாக்கா நோயாளி அடுத்தவர். வெளிநாட்டு வரவை மட்டும் நம்புவது எவ்வளவு நிலையற்றது என்பதும் கண்கூடு. 2019இல் மருத்துவத்துக்காக இந்தியா வந்தவர்கள் ஏறத்தாழ 7 லட்சம். கொரோனா ஆண்டான 2020இல் 2 லட்சத்துக்கும் கீழே போனது. 2024 ஆகஸ்டில் டாக்காவில் ஆட்சி மாறியபின் விசா சுருங்கி, வங்கதேச நோயாளிகளில் சிலர் சீனாவின் குன்மிங்கை நோக்கித் திரும்பினார்கள். விசா மூடினால் நோயாளி வரமாட்டார். வால்வுப் பெட்டி எந்த நாட்டுக்கும் கப்பலேறும்.

எனவே மருத்துவத் தலைநகரம் என்ற பட்டத்தைச் சென்னை இனி எத்தனை வெளிநாட்டவர் வந்தார்கள் என்ற கணக்கால் அளக்கக் கூடாது. இஎஸ்ஐயும் முதலமைச்சர் காப்பீடும் தங்கள் இதய அறுவைகளுக்கு வாங்கும் ஆக்சிஜனேட்டர், வால்வு, ஸ்டென்ட் ஆகியவற்றில் ஒரகடத்தில் செய்தவை எத்தனை என்று ஆண்டுதோறும் அரசு வெளியிடட்டும். நிச்சயமாக வாங்கிக்கொள்ளும் ஒரு பெரிய கை இருந்தால் ஆலைகள் தைரியமாக வரும், வந்தவை நிற்கும், பதிவேடு வளர வளரத் தரத்தின்மேல் நம்பிக்கையும் வளரும். உள்ளூர்த் தொழிலாளிக்குக் கட்டுப்படியாகிற அறுவைதான் வங்கதேசத்தவருக்கும் கட்டுப்படியாகும். இந்த வரிசையைத் தலைகீழாக்கினால் இரண்டு பேருக்குமே பில் குறையாது.