மண்ணிலிருந்தும் விண்ணிலிருந்தும்

காரிமங்கலம் வாரச்சந்தையில் தேங்காய்க்கும் புளிக்கும் விலை பேசி நிற்கும் முதியோர் சிலர் வாய்விட்டுச் சிரிக்கும்போது பற்களில் பழுப்புக் கோடுகள் தெரியும். வெற்றிலைக் கறை என்று வெளியூரார் எண்ணிக்கொள்வர். அது தண்ணீர் இட்ட கறை. தருமபுரி மாவட்டத்துப் பாறைகளில் ஃபுளூரைடு கொண்ட கனிமங்கள் உள்ளன. பாறை இடுக்குகளில் நெடுங்காலம் தங்கும் நீரில் அது சிறிது சிறிதாகக் கரைகிறது. ஒரு லிட்டர் குடிநீரில் அது 1.5 மில்லிகிராமுக்கு மேற்படலாகாது. ஈறுக்குள் பல் உருவாகும் குழந்தைப் பருவத்தில் அவ்வரம்பை மீறிய நீரை அருந்தியவர்க்குக் கறை வாழ்நாள் முழுதும் நிற்கும். ஆண்டுக்கணக்கில் அதையே அருந்த நேர்ந்தால் மூட்டுகளும் முதுகெலும்பும் இறுகிப்போகும்.

ஆகவே அப்பற்களை ஒருவகை மழைக்குறிப்பேடு எனலாம். மழை பொய்த்தபோது திறந்த கிணறுகள் வற்றின. நீரைத் தேடி மனிதர் ஆழ்துளைக் கிணறுகளை இறக்கினர். பாறையோடு நீண்ட நாள் உறவாடிய நீர் மேலே வந்தது. வானம் தராததை மண்ணிடம் கேட்டதற்கு மண் வாங்கிக்கொண்ட விலை அது.

இதே ஃபுளூரின் வானிலிருந்து பொழிந்த நாடு ஒன்று உண்டு. வட அட்லாண்டிக் கடலில், ஆர்க்டிக் வட்டத்தை ஒட்டிக் கிடக்கும் ஐஸ்லாந்து அது. அதன் நிலப்பரப்பில் ஏறத்தாழ பத்தில் ஒரு பங்கைப் பனியாறுகள் மூடியுள்ளன. அப்பனியின் அடியிலேயே எரிமலைகள் உறங்குகின்றன. உறக்கம் என்ற சொல்லைக்கூட அங்கே நம்பிப் பயன்படுத்த இயலாது.

1783ஆம் ஆண்டு ஜூன் 8ஆம் நாள் அந்நாட்டின் தென்பகுதியில் லாக்கி என்னுமிடத்தில் நிலம் பிளந்தது. கூம்பு வடிவ மலையொன்று வெடித்ததாக எண்ணிக்கொள்ளுதல் கூடாது. ஏறத்தாழ 27 கிலோமீட்டர் நீளத்திற்கு நிலத்தில் தையல் பிரிந்தாற்போல ஒரு வெடிப்பு. அதன் நெடுகிலும் நூற்றுக்கு மேற்பட்ட வாய்கள். எட்டு மாதங்கள் அவை தீக்குழம்பைக் கக்கின. ஆயினும் தீக்குழம்பால் இறந்தோர் இல்லை எனலாம். உயிரைக் குடித்தது புகை. கந்தக டைஆக்சைடு மட்டும் ஏறத்தாழ 12 கோடி டன் வெளிப்பட்டது. அதனோடு வந்த ஃபுளூரின் புல்லில் படிந்தது. மேய்ந்த ஆடுகளின் பற்கள் கோணின. எலும்புகளில் முண்டுகள் புடைத்தன. கால்கள் நிற்க மறுத்தன. நாட்டின் ஆடுகளில் ஏறத்தாழ ஐந்தில் நான்கு பங்கும், மாடுகளிலும் குதிரைகளிலும் பாதியும் மடிந்தன. வேளாண்மைக்கு இடம் கொடாத குளிர்நிலத்தில் ஆட்டின் பாலும் இறைச்சியும் முதன்மையான உணவு. ஆடு போனபின் மனிதர் எதைக்கொண்டு பிழைப்பது? மக்கள்தொகையில் ஐந்தில் ஒரு பங்கினர் பசியாலும் நோயாலும் மாண்டனர். 'மூட்டத்தின் கொடுமை' என்னும் பொருள்படும் பெயரால் ஐஸ்லாந்து மக்கள் அக்காலத்தை இன்றும் நினைவுகூர்வர்.

அவ்வழிவை நாள்தோறும் கண்டு எழுதிவைத்தவர் யோன் ஸ்டெயின்கிரிம்சன் என்னும் பாதிரியார். தீக்குழம்பு தம் தேவாலயத்தை நெருங்கிய ஜூலை 20ஆம் நாள் அவர் மக்களைக் கூட்டி வழிபாடு நடத்தினார். குழம்பு ஊரை எட்டாமல் நின்றது. மக்கள் அவரைத் 'தீப்பாதிரியார்' என்று போற்றினர். நின்றதன் காரணத்தை அவரவர் நம்பிக்கைக்கு விட்டுவிடலாம். கால்நடைகளின் பற்களையும் எலும்புகளையும் அவர் உற்று நோக்கி எழுதிய குறிப்புகளோ இன்றும் அறிவியலாளர்க்குப் பயன்படுகின்றன.

மூட்டம் ஐஸ்லாந்தோடு நிற்கவில்லை. ஐரோப்பா முழுவதும் வெயில் மங்கியது. அந்தப் பனிமூட்டத்திற்கு ஐஸ்லாந்து எரிமலை காரணமாகலாம் என்று அப்போது பாரிசில் இருந்த பெஞ்சமின் பிராங்கிளின் 1784இல் எழுதினார். அவர் காணாத ஒன்றும் நிகழ்ந்தது. வானில் பரவிய கந்தகத் துகள்கள் கதிரொளியைத் திருப்பி அனுப்பியதால் வடபகுதி நிலங்கள் குளிர்ந்தன. கடலைவிட நிலம் மிகுதியாகச் சூடேறுவதே பருவக்காற்றை உள்ளிழுக்கும் விசை. நிலம் குளிர்ந்தால் அவ்விசை தளரும். ஆப்பிரிக்காவில் மழை குறைந்து நைல் ஆறு மெலிந்தது; எகிப்தில் பஞ்சம் வந்தது. இந்தியப் பருவமழையும் தளர்ந்திருக்க வேண்டும் என்று கணினிவழி ஆய்வுகள் காட்டுகின்றன. வட இந்தியாவை 1783–84இல் வாட்டிய சாலிசா பஞ்சம் அதே காலத்தது. அதற்குப் பசிபிக் கடலின் எல் நினோவையும் காரணமாகச் சொல்வர். எனவே முழுப் பழியையும் எரிமலைமேல் ஏற்றுவது முறையன்று. அந்நாளில் காரிமங்கலம் பகுதி பாரமகால் என வழங்கிற்று. திப்பு சுல்தானின் ஆட்சியில் இருந்தது. மழைக்காக மேற்கு வானை அண்ணாந்து பார்த்த கேழ்வரகு உழவர் எவரும் லாக்கி என்னும் பெயரைக் கேட்டிருக்க மாட்டார்.

பனியும் தீயும் ஒரே இடத்தில் வாழ்வதால் ஐஸ்லாந்துக்கு வேறோர் இடரும் உண்டு. 1996இல் வாட்னாயோகுல் என்னும் பெரும் பனிப்பரப்பின் அடியில் எரிமலை வெடித்தது. உருகிய நீர் பனிக்கடியிலேயே ஒரு மாதத்திற்கு மேல் தேங்கி, நவம்பர் 5ஆம் நாள் கரையுடைத்து வந்து பாலங்களை அடித்துச் சென்றது. 2010இல் வெடித்த எயாஃபியாட்லயோகுல், செய்தி வாசிப்போரின் நாவை வருத்தியதோடு, ஐரோப்பிய வான்வழிகளையும் ஆறு நாள் அடைத்தது. பூக்களை ஏற்றிச்செல்ல விமானமின்றிக் கென்யாவில் அவை அழுகின. அங்கே பூப்பறிக்கும் பெண்ணுக்கும் பனிமலைக்கும் என்ன தொடர்பு என்று அதற்கு முன்னர் எவரும் கேட்டிருக்க மாட்டார்கள்.

பெயரின் இறுதியில் வரும் 'யோகுல்' என்பது பனியாற்றைக் குறிக்கும். ஓக்யோகுல் என்றொரு பனியாறு இருந்தது. வெப்பமேறி மெலிந்து, தன் எடையால் நகரும் ஆற்றலை அது இழந்தது. நகராத பனி பனியாறு ஆகாது. 2014இல் அது இறந்ததாக அறிவிக்கப்பட்டது. இப்போது வெறும் 'ஓக்'. 2019 ஆகஸ்டில் மக்கள் மலையேறிச் சென்று அதற்கு நினைவுப்பலகை பதித்தனர். உருகுதல் கண்ணுக்குத் தெரிவதோடு முடிவதில்லை. பனியின் பாரம் குறையக் குறைய அடியில் நிலம் மேலெழுகிறது. ஆழத்தில் அழுத்தம் தளர்ந்து பாறைக்குழம்பு மிகுதியாக உருவாகிறது. கடைசிப் பனியூழி முடிந்தபோது அங்கே எரிமலைச் சீற்றம் பன்மடங்கு பெருகியது. இப்போதைய உருகலும் அவ்வாறே செய்யுமா என்று ஆய்வாளர் அளந்துகொண்டிருக்கின்றனர்.

அளத்தலில் அந்நாடு கைதேர்ந்தது. மழையைச் சொல்லும் வானிலை அலுவலகமே நிலநடுக்கத்தையும் எரிமலையையும் கண்காணிக்கிறது. 2023 நவம்பர் 10 இரவில் கிரிண்டாவிக் என்னும் மீனவ நகரத்தார் ஏறத்தாழ 3,800 பேர் அதன் எச்சரிக்கையால் வெளியேறினர். டிசம்பர் 18ஆம் நாள் அருகில் நிலம் வெடித்துத் தீ எழுந்தது. உயிர்கள் தப்பின, வீடுகள் தப்புமா என்று அன்று எவராலும் சொல்ல முடியவில்லை.

காரிமங்கலத்திலும் அளந்தபின்னரே வழி பிறந்தது. நீரைச் சோதித்து ஃபுளூரைடின் அளவு தெரிந்தது. ஜப்பானின் கடனுதவியோடு 2008இல் ஒகேனக்கல் கூட்டுக்குடிநீர்த் திட்டத்திற்கு அடிக்கல் நாட்டப்பட்டு, 2013இல் அது நடைமுறைக்கு வந்தது. காவிரி நீர் குழாய்வழித் தருமபுரி, கிருட்டினகிரி மாவட்டங்களின் ஊர்களை எட்டுகிறது. குடகு மலையில் ஜூன் மாதம் பெய்யும் மழையும் அந்நீரில் உண்டு. சிற்றூர் வீடுகளில் இன்று ஒரு குடத்தில் 'ஒகேனக்கல் தண்ணி' குடிப்பதற்கும், மற்றொரு குடத்தில் ஆழ்துளைக் கிணற்று நீர் பாத்திரம் கழுவுவதற்கும் இருக்கும். குழாயில் நீர் வராத நாளில், எந்தக் குடத்தில் மொள்ள வேண்டும் என்று பேரப்பிள்ளைகளுக்கு எடுத்துச் சொல்பவர், பெரும்பாலும், பல்லில் கறை படிந்த பாட்டிதான்.