இந்த சைக்ளாய்டு எதுக்கு?



முதலாம் ஆண்டு இன்ஜினீயரிங் டிராயிங் வகுப்பில் நாம் எல்லோருமே அந்த வளைகோட்டைப் போட்டிருக்கிறோம். ஒரு வட்டம் நேர்கோட்டின் மேல் உருண்டு போகும். அதன் விளிம்பில் இருக்கும் ஒரு புள்ளி போகிற பாதையை வரைய வேண்டும். வட்டத்தை 12 பாகமாகப் பிரித்து, ஒவ்வொரு புள்ளியாகக் குறித்து, கையால் இணைத்து முடிப்பதற்குள் விரல் மரத்துவிடும்! அதுதான் சைக்ளாய்டு. "இதை வச்சு நாளைக்கு என்னத்தக் கட்டப் போறோம்?" என்று கடைசி பெஞ்ச் கேட்காத வருஷம் உண்டா?

கட்டியிருக்கிறார்கள் நண்பர்களே! அமெரிக்காவில், டெக்சாஸ் மாநிலம் ஃபோர்ட் வொர்த் நகரில், கிம்பெல் கலை அருங்காட்சியகம். 1972 அக்டோபரில் திறந்தார்கள். வடிவமைத்தவர் லூயி கான். அகமதாபாத் ஐ.ஐ.எம். வளாகத்தை வடிவமைத்த அதே மனிதர்தான்.

ஓவியக்கூடம் கட்டுவதில் ஒரு பெரிய சிக்கல் உண்டு. படத்தைப் பார்க்க வெளிச்சம் வேண்டும். ஆனால் நேர் வெயில் பட்டால் படம் வெளுத்துப் போகும். 'ஜன்னலை அடைத்துவிட்டு பல்பு போடு' என்பது சுலபமான வழி. கானுக்கு அது பிடிக்கவில்லை. காலை, மத்தியானம், சாயங்காலம் என்று மாறுகிற இயற்கை வெளிச்சத்திலேயே படம் தெரிய வேண்டும் என்றார். அதுவும் டெக்சாஸ் வெயிலில்!

அதற்கு அவர் கண்ட வழி, நீளமான வளைவுக் கூரைகள். ஒவ்வொன்றும் 100 அடி நீளம். இப்படி 16 கூரைகள் பக்கம் பக்கமாக. ஓவியக்கூடங்களின் கூரை உச்சியில் நீளவாக்கில் ஒரு திறப்பு. அதன் கீழே, இறக்கை விரித்த மாதிரி, துளையிட்ட அலுமினியத் தகடு. மேலிருந்து வரும் வெயில் தகட்டில் பட்டு, கூரையின் அடிப்பக்கத்துக்குத் திரும்பி, மெத்தென்று கீழே பரவுகிறது. இந்தத் தகட்டுக்கு யோசனை சொன்னவர் ரிச்சர்ட் கெல்லி என்ற விளக்கொளி நிபுணர்.

அரைவட்டமாகவே வளைத்திருக்கலாமே என்று கேட்கலாம். ஒரு கணக்குப் போடுவோம். அகலம் 22 அடி என்றால் அரைவட்டத்தின் உயரம் 11 அடி. சைக்ளாய்டுக்கோ 7 அடிதான்! (22-ஐ 7-ஆல் வகுத்தால் என்ன வரும் என்று நமக்கா தெரியாது?) அருங்காட்சியகத்தின் இயக்குநர் ரிச்சர்ட் பிரவுன், முதலில் வந்த திட்டத்தின் கூரை ரொம்ப உயரம் என்று ஒத்துக்கொள்ளவில்லை. கானிடம் வேலை பார்த்த மார்ஷல் மேயர்ஸ் ஒரு புத்தகத்தில் சைக்ளாய்டைக் கண்டுபிடித்துக் கொண்டுவந்தார். பிரச்சினை தீர்ந்தது.

இதையெல்லாம் லைப்ரரியில் படித்துவிட்டு வீட்டில் அப்பாவிடம் சொன்னேன். அப்பா 30 வருஷமாக சென்ட்ரிங் வேலை பார்ப்பவர். படத்தைப் போட்டுக் காட்டியதும் சிரித்துவிட்டார்.

"எலேய், உச்சியில கீறிட்டா வளைவு எப்படில நிக்கும்? ரெண்டு பக்கமும் விரிஞ்சு விழுந்துரும்லா!"

சரியான கேள்வி! உச்சிக்கல் இல்லாமல் வளைவு ஏது? ஆனால் இது பார்க்கத்தான் வளைவு. வேலை செய்வது பீம் மாதிரி. பழைய காலண்டர் தாள் ஒன்றை எடுத்து, இரண்டு முனையிலும் புத்தகம் வைத்து அதன் மேல் கிடத்தினேன். தொங்கியது. அதையே நீளவாக்கில் வளைத்து வைத்தேன். நின்றது. மேலே பென்சில் வைத்தேன், அப்போதும் நின்றது. கிம்பெல் கூரையும் அப்படித்தான் 100 அடியைத் தாண்டுகிறது. தாங்குவது நாலு மூலையில் நாலு தூண் மட்டுமே. திறப்பின் குறுக்கே இடையிடையே கான்கிரீட் கட்டைகள், இரு முனையிலும் பலமான வளைவுகள். கூரைக்குள் நீளவாக்கில் கேபிள் விட்டு, கான்கிரீட் இறுகிய பிறகு அதை இழுத்துப் பூட்டிவிட்டார்கள். நாம் படிக்கிற போஸ்ட் டென்ஷனிங்! கணக்குப் போட்டுக் கொடுத்த பொறியாளர் ஆகஸ்ட் கொமெண்டான்ட்.

"பார வண்டிக்குக் கயிறு முறுக்குத மாதிரின்னு சொல்லு" என்றார் அப்பா. எனக்கு அந்த லெக்சரர் உதாரணத்தைவிட இது பிடித்திருந்தது!

பிறகு கேட்டார்: "பூச்சு எப்படி?"

"பூச்சே கிடையாதுப்பா. பலகையைப் பிரிச்சா எப்படி இருந்துச்சோ அப்படியேதான். பலகைத் தடம்கூடத் தெரியும்."

அப்பா கொஞ்ச நேரம் பேசவில்லை. பூச்சு இல்லை என்றால் பலகை அடிப்பவன் எவ்வளவு சுத்தமாக அடித்திருக்க வேண்டும் என்று அவருக்குத்தான் தெரியும். "வரைஞ்சவன் பேரு சொல்லுத, கணக்குப் போட்டவன் பேரு சொல்லுத, லைட்டு போட்டவன் பேருகூடச் சொல்லுத. பலகை அடிச்சவன் பேரு போட்டிருக்கால?"

நான் படித்த புத்தகத்தில் போடவில்லை.

நண்பர்களே, டிப்ளமோ முடித்து சைட்டில் நிற்கப் போகிறவர்கள் நாம். ஒரு கையில் டிராயிங், எதிரே பலகையும் ஆணியுமாய் அப்பா மாதிரி ஒருவர். அந்த வளைகோட்டை அவருக்குப் புரிகிற மாதிரி சொல்லவும், அவர் சொல்வதை மேலே இருப்பவர்களிடம் கொண்டு சேர்க்கவும் அந்த இடத்தில் நம்மைத் தவிர வேறு ஆள் இல்லை. அந்த வேலையை நாம் சின்னதாக நினைக்கலாமா?

– இறுதியாண்டு, சிவில்