கெப்பாலா பத்தாஸிலிருந்து கொடிமலை வரை

பினாங்கு மாநிலத்தின் நிலப்பகுதியான செபெராங் பிறையின் வடபுறத்தில், மூடா ஆற்றுக்குத் தெற்கே, நெல்வயல்கள் சூழ அமைந்துள்ள கெப்பாலா பத்தாஸிலிருந்து, தீவின் நடுவே எழும் கொடிமலைக்கு ஒரே நாளில் போய்த் திரும்ப எண்ணுவோர், சுற்றுலா வேனை நாடாமல், பேருந்து, பெர்ரி, மீண்டும் பேருந்து, மலை ரயில் என நான்கு பொது ஊர்திகளில் மாறிச் செல்ல இயலும். 1985இல் திறக்கப்பட்ட பினாங்குப் பாலத்தின் வழியாக வேன் நேரே அடிவாரத்தில் இறக்கிவிடும். பொது ஊர்திகளின் வழியோ, பாலம் வருமுன் மக்கள் தீவுக்குச் சென்றுவந்த தடத்தைப் பெரிதும் ஒட்டியது; வயல்வெளி, துறைமுகம், நகரம், மலை ஆகியவை எங்கெங்கே பிணைக்கப்பட்டன என்பதை ஊர்தி மாறும் இடங்களே காட்டுகின்றன.

கூட்டரசு முதலாம் எண் சாலை, மூடா ஆற்றின் மெர்டேக்கா பாலத்தைத் தாண்டி, இப்பகுதி வழியே பட்டர்வொர்த்தை நோக்கி இறங்குகிறது. 1800இல் கெடா சுல்தானிடமிருந்து ஆங்கிலேயக் கிழக்கிந்தியக் கம்பெனி பெற்ற நிலப்பகுதி இது. 2007இல் தொடங்கப்பட்ட ரேப்பிட் பினாங்கு நிறுவனத்தின் பேருந்துகள் இன்று இப்பகுதியில் ஓடுகின்றன. நகருக்குள் ஓடும் பேருந்துகளைப் போல இவை அடுத்தடுத்து வருவதில்லையாதலால், முழுநாளின் கணக்கும் மலையில் அன்று, இந்த முதல் நிறுத்தத்திலேயே தீர்மானிக்கப்படுகிறது.

பட்டர்வொர்த்தில், 2018இல் திறக்கப்பட்ட பினாங்கு சென்ட்ரல் முனையம் பேருந்து, ரயில், பெர்ரி மூன்றையும் அருகருகே கொண்டுவந்துள்ளது. 1894இல் தொடங்கிய பெர்ரிப் போக்குவரத்து நெடுங்காலம் கார்களையும் ஏற்றிச் சென்றது. 2021இன் தொடக்கத்தில் பழைய பெரும் பெர்ரிகள் விலக்கப்பட்ட பின்னர், 2023 ஆகஸ்டில் வந்த நான்கு புதிய பெர்ரிகள், பயணிகளையும் மிதிவண்டி, மோட்டார் சைக்கிள் வைத்திருப்போரையும் மட்டுமே ஏற்றிச் செல்கின்றன. கார்களைப் பாலத்துக்கு விட்டுவிட்டு, நடந்தும் இருசக்கர வண்டியிலும் வருவோர்க்கே பெர்ரியை உரியதாக்கிய இம்மாற்றம், பழைய பெர்ரிகளின் மீது ஏக்கம் கொண்டோர் கருதுவதுபோல் முற்றிலும் இழப்பாகாது.

தீவுக் கரையின் ஜெட்டியிலிருந்து புறப்படும் 204ஆம் எண் பேருந்து, கொம்தார் கட்டடத்தையும் டத்தோ கெராமட் சாலையையும் கடந்து ஆயர் ஈத்தாம் வழியாக மலையடிவாரத்தை அடைகிறது. 1906 முதல் மின்சார டிராமும், பின்னர் மேல்கம்பியிலிருந்து மின்சாரம் பெற்று ரப்பர்ச் சக்கரங்களில் ஓடிய டிராலி பேருந்தும் ஆயர் ஈத்தாமுக்குச் சென்றன. தடம் பழையதாகையால் நெரிசலும் பழையதே.

அடிவாரத்தில் தொடங்குவது, கயிற்று இழுவை ரயில் எனத்தக்க மலை ரயில். ஒரே எஃகுக் கயிற்றின் இரு முனைகளில் இரு பெட்டிகள் பிணைக்கப்பட்டு, உச்சியிலுள்ள சக்கரத்தின் மேல் கயிறு ஓட, கிணற்று இராட்டினத்தின் இரு வாளிகளைப் போல ஒன்று ஏறும்போது மற்றொன்று இறங்கும்; எடைகள் ஒன்றையொன்று சமன்செய்வதால், இயந்திரம் பெரும்பாலும் பயணிகளின் எடை வேறுபாட்டையும் உராய்வையும் மட்டுமே வெல்ல வேண்டியுள்ளது. இரு பெட்டிகளும் ஒன்றையொன்று கடப்பதற்காகத் தண்டவாளம் நடுவழியில் மட்டும் இரண்டாகப் பிரிந்து சேர்கிறது. 20ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் அமைக்கப்பட்ட முதல் பாதை இயங்காமல் தோல்வியுற்றது. ஆர்னால்டு ஜான்சன் என்ற ரயில்வேப் பொறியாளர் சுவிட்சர்லாந்தின் மலை ரயில்களை ஆராய்ந்து வடிவமைத்த இரண்டாம் பாதை 1923 அக்டோபரில் மக்களுக்குத் திறக்கப்பட்டது. 1924 சனவரி முதல் நாளில் ஆளுநர் கில்லமார்டு அதனை முறைப்படி தொடங்கிவைத்தார். அதுவரை அரசு அதிகாரிகளும் செல்வரும், ஆட்கள் தோளில் சுமந்த டோலியிலோ குதிரையிலோ ஏறிய மலைக்குச் சீட்டு வாங்கும் எவரும் செல்லலாயினர்.

அப்பாதை இரு பிரிவுகளாக இருந்ததால் நடு நிலையத்தில் இறங்கிப் பெட்டி மாற வேண்டியிருந்தது. முழுப் பயணமும் ஏறக்குறைய அரைமணி நேரம் பிடித்தது. 2010இல் மூடப்பட்டு, சுவிஸ் நிறுவனம் ஒன்றால் புதுப்பிக்கப்பட்டு 2011இல் மீண்டும் திறக்கப்பட்டபின், ஏறத்தாழ 2 கிலோமீட்டர் நீளப் பாதை ஒரே ஓட்டமாகிவிட்டது. நூறு பேரை ஏற்றும் குளிரூட்டிய பெட்டி சில நிமிடங்களில் உச்சியை எட்டுகிறது. வரிசை சுருங்கியது உண்மையே. ஆயினும், மரங்களும் காற்றும் படிப்படியாக மாறுவதைக் காணும் அவகாசமும் உடன் சுருங்கிற்று.

உச்சியில் அருளொளி திருமுருகன் கோவிலும் பள்ளிவாசலும் அருகருகே நிற்கின்றன. சமவெளியைவிட ஓரளவு குளிர்ந்த இம்மலைக்காடு, 2021இல் யுனெஸ்கோ உயிர்க்கோளக் காப்பகமாக ஏற்கப்பட்ட பரப்பின் பகுதியாகும்.

வார இறுதிகளிலும் பள்ளி விடுமுறைகளிலும் மாலையில் இறங்குவோரின் வரிசை நீள்வதால், பிற்பகலிலேயே மலையை விட்டுப் புறப்படுவது நன்று. திரும்பும் வழியில், பட்டர்வொர்த்திலிருந்து பாடாங் பெசார் செல்லும் கொமுட்டர் ரயில் தாசெக் குளுகோரில் நிற்கிறது. ஆனால் அங்கிருந்து கெப்பாலா பத்தாஸுக்கு வேறு வண்டி தேட வேண்டியிருப்பதால், பேருந்தைத் தவறவிட்டவர்க்கே அது பயன்படும்.