முடிந்து வைத்த விதை

தில்லிக்கு மாற்றலாகி வந்த முதலாண்டு, அம்மா துணியில் முடிந்து கொடுத்த நாட்டுத் தக்காளி விதையைக் குடியிருப்பின் பின்புறத்தில் விதைத்து, ஆறு செடிகளை வளர்த்தோம். ஊர் வழக்கப்படி மாலைதோறும் பூவாளியால் தலையோடு நீர் வார்த்தோம். மார்கழி மூடுபனி இறங்கிற்று. சில நாட்களில் இலைகளில் ஈரம் படிந்த கரும்புள்ளிகள் தோன்றின. தண்டும் காயும் கருகின. விதைக்கென ஒரு பழமும் மிஞ்சவில்லை. அம்மாவுக்கு எழுதவே கை கூசிற்று.

அது பின்பருவக் கருகல் நோய் என்று பின்னர் அறிந்தோம். 1845இல் அயர்லாந்தின் உருளைக்கிழங்கை அழித்ததும் அந்த நுண்ணுயிரே. குளிர்ந்து நனைந்த இலையே அதற்கு வாழ்விடம். ஊரில் வெயில் உலர்த்திவிடும் ஈரம், இங்கே விடியும் வரை நிற்கிறது.

மறுமுறை விதை வந்தபோது பழக்கத்தை மாற்றினோம். காலையில் வேரடியில் மட்டும் நீர். செடிகளிடையே இரண்டடி இடைவெளி. கொம்பு நட்டுக் கட்டி, மண்ணைத் தொடும் இலைகளைக் கிள்ளுதல். கருகிய இலை எருக்குழிக்குப் போவதில்லை. கத்தரியோ மிளகாயோ உருளையோ இருந்த மண்ணில் உடனே தக்காளி நடுவதில்லை. அவை ஒரே குடும்பம். இலைச்சுருட்டு நோயைச் சுமந்து வரும் வெள்ளை ஈக்குப் பசை தடவிய மஞ்சள் அட்டை. லிட்டர் நீருக்கு 5 மில்லி வேப்பெண்ணெய், சிறிது சோப்புடன். காய்ப்புழுவைத் தன்பால் ஈர்க்கத் துலுக்கச் சாமந்தி.

இவ்வாண்டு, நோயற்ற செடியின் விதையை நாங்களே முடிந்து அம்மாவுக்கு அனுப்பினோம்.